பதினாலாவது ஆள்

பரிபூர்ணா சிஸ்டம்ஸ் கம்பெனியில் தவறு நடப்பதில்லை. எங்கேயாவது நடந்துவிட்டதாக யாராவது சொன்னால், சொன்னவனுக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து அவனைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டி ஹெப்பகோடியில், முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடியும் பின்பக்கம் முழுக்கப் பூசாத செங்கல்லுமாக நின்றது அந்த ஐந்து மாடிக் கட்டடம். வரவேற்பறையில் ஒரு பெரிய டிவி. அதில் கிரிக்கெட் வராது, சீரியல் வராது. கட்டம் கட்டமாகப் பச்சை நிறம் மட்டும் வரும். ஒவ்வொரு கட்டமும் ஒரு டெஸ்ட். புரோகிராம் ஒழுங்காக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தினமும் காலையில் எல்லாக் கட்டங்களும் பச்சையானதும் ஊழியர்கள் எழுந்து நின்று ஒரே தாளத்தில் மூன்று முறை கைதட்ட வேண்டும். நான்காவது முறையும் தட்டுகிறவர்கள் கேலி செய்வதாகக் கருதப்படுவார்கள் என்று சுற்றறிக்கையே உண்டு.

இந்தப் பச்சைக்கெல்லாம் அதிபதி சுந்தரேசன், தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர். அதற்கு முன்பு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். அவர் பொறுப்பேற்ற வருஷமே அங்கே உடைந்த பிஸ்கட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. உடைந்ததை உடைந்த இடத்திலேயே தின்றுவிட வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. ஊழியர்கள் பெருத்தார்கள், தொழிற்சாலை விருது வாங்கியது, விருதைப் பார்த்துப் பரிபூர்ணா அவரைக் கொத்திக்கொண்டு வந்தது.

சிவப்பு என்றாலே அவருக்கு ஆகாது. ஆயுத பூஜைக்கு சர்வர் பெட்டிகளுக்கு மஞ்சள் வைக்கலாம், சந்தனம் வைக்கலாம், குங்குமம் கூடாது. வாசலில் உடைக்கிற பூசணிக்காய்க்குள்ளும் அந்த வருஷம் பச்சைப் பொடியைத்தான் அடைத்தார்கள். ரோட்டில் பச்சையாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்து இது யாருக்கு வைத்த சூனியமோ என்று ஆட்டோக்காரர்கள் வளைந்து ஒதுங்கிப் போனார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் 2003இல் வந்து சேர்ந்தான் கணேசமூர்த்தி. ஜோகுபாளையத்துப் பையன். அப்பா இல்லை. அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, நாற்பது இடத்தில் பயோடேட்டா கொடுத்து, கடைசியில் தற்காலிக ஊழியன் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு வருஷம் போனால் நிரந்தரம் ஆக்குவார்கள். ஆக்காமலும் போவார்கள். அவனுக்கு அடுத்த தெரு கோவிந்தப்பாவின் மகள் அனுஷாவை நிச்சயம் செய்திருந்தது. கோவிந்தப்பா ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேன். நல்ல மனிதர்தான், ஆனால் தற்காலிகம் என்ற சொல்லை அவர் காதில் போட்டால் காய்ச்சல் வந்துவிடும்.

"நான் பர்மனென்ட் ஆன அன்னிக்கிதான் மாப்ள மனுசன் ஆனேன்" என்பார். "அதுக்கு முன்னாடி நான் இருந்ததே எனக்கு ஞாபகமில்ல. உனக்கு ஆர்டர் கைக்கு வரட்டும். மறுநாளே மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துர்றேன்."

ஆகவே கணேசமூர்த்திக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அதற்கு அவன் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: அவன் பெயரில் சிவப்பு விழக் கூடாது.

அவன் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரோகிராம் என்பது சொன்னதைச் செய்யும். செய்யக் கூடாததைச் சொன்னால், முடியாது என்று கூச்சல் போட்டுவிட்டு நிற்க வேண்டும். அந்தக் கூச்சலுக்கு எக்ஸெப்ஷன் என்று பெயர், ஆபீஸ் பேச்சில் எர்ரர். கத்த வேண்டிய இடத்தில் புரோகிராம் கத்துகிறதா என்று பார்ப்பதுதான் கணேசமூர்த்தியின் பிழைப்பு. வேண்டுமென்றே தப்பானதைக் கொடுப்பான். கத்தினால் பாஸ். கத்தாமல் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டால் ஃபெயில். அவன் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "தப்பைப் பண்ணிட்டு, திட்டு விழுதான்னு பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று கேட்டாள். அதற்குத்தான் கொடுத்தார்கள்.

அவன் சேர்ந்த புராஜெக்ட், வெளிநாட்டு லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு லிஃப்டை ஓட்டும் புரோகிராம் எழுதுவது. லிஃப்டின் தரை, மேலே நிற்பவர்களின் எடையை வைத்து ஆள் கணக்குப் போடும். பதிமூன்று பேர் வரை ஏறலாம். பதினாலாவது ஆள் கால் வைத்தால் புரோகிராம் கத்த வேண்டும், மணி அடிக்க வேண்டும், கதவு மூடக் கூடாது. கடைசியாக ஏறியவர் அசட்டுச் சிரிப்போடு இறங்கிக்கொள்வாரே, அந்த மணி.

கணேசமூர்த்தி டெஸ்ட் எழுதினான். மொத்தமே இரண்டு வரி. முதல் வரி: பதினாலு பேரை ஏற்று. இரண்டாவது வரி: கத்தாமல் இந்த வரிக்கு வந்து சேர்ந்தால், ஃபெயில்.

ஓட்டினான். புரோகிராம் கத்தவில்லை. லிஃப்டில் எத்தனை பேர் என்று கேட்டால் பூஜ்யம் என்றது. கதவை மூடிக்கொண்டு, காலி லிஃப்ட் என்ற நினைப்பில் மேலே கிளம்பிவிட்டது.

சின்ன வயசுக்காரன். தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளங்கை இரண்டையும் தேய்த்துக்கொண்டான். யாராவது வந்து முதுகில் தட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தான். மறுநாள் காலை டிவியில் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது, கட்டத்துக்குள் அவன் பெயர் இருந்தது. யாரும் கைதட்டவில்லை. வரவேற்பறைப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, அந்த இடத்தை மறைக்கிற மாதிரி ஒரு காலண்டரை மாட்டினாள்.

சுந்தரேசன் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க கணேசமூர்த்தி. இந்த டெஸ்ட்ல எர்ரர் வரும்னு எதிர்பார்த்தது யாரு?"

"நான்தான் சார்."

"புரோகிராம் எதிர்பார்த்துச்சா?"

"இல்ல சார்."

"அப்போ ஃபெயில் ஆனது என்ன? உங்க எதிர்பார்ப்பு. புரோகிராம் அமைதியா, யாரையும் சங்கடப்படுத்தாம பதினாலு பேரையும் ஏத்திண்டு போயிருக்கு. இதுக்கு நாம பாராட்டணும். நீங்க என்னடான்னா அது பேர்ல புகார் எழுதியிருக்கேள்."

"சார், பதினாலு பேர் ஏறினா லிஃப்ட் தாங்காது."

"தாங்காதுன்னு லிஃப்ட் சொல்லித்தா?"

லிஃப்ட் சொல்லவில்லை என்பதுதானே புகாரே. கணேசமூர்த்தி அவர் மேஜையிலிருந்த பச்சைக் கண்ணாடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தான்.

அங்கிருந்து நேரே புரோகிராமை எழுதிய மஞ்சுநாத்திடம் போனான். மஞ்சுநாத் மைசூர்ப் பக்கத்துக்காரன். தமிழ்ப் படம் பார்த்துத் தமிழ் கற்றவன், மதியச் சாப்பாட்டில் தன் சித்ரான்னத்தில் பாதியைக் கணேசமூர்த்திக்குத் தள்ளுகிறவன்.

"நோடு குரு, நான் மொதல்ல கரெக்டாதான் பண்ணேன்" என்றான் அவன். "பதினாலு வந்தா எர்ரர் போட்டேன். என்ன ஆச்சு? எந்த டெவலப்பர் புரோகிராம்ல எத்தனை எர்ரர் வருதுன்னு மாசாமாசம் சார்ட் ஒட்றாங்க இல்ல, அதுல என் பேர் ஃபஸ்ட்டு. எர்ரர் எதுக்கு வருதுன்னு யாரும் கேக்கலை. வருதா வரலையா, அஷ்டே, அவ்ளோதான். போனஸ் கட். அதுக்கப்புறம், எர்ரர் வந்தா நானே புடிச்சு முழுங்கிட்றேன்."

"முழுங்கிட்டு?"

"ஏதாவது ஒரு நம்பர் குடுக்கணுமே. ஜீரோ குடுத்தேன். ஜீரோ பத்தி யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

"மச்சா, உள்ள ஆள் இருக்கறப்ப காலின்னு சொல்லுது."

"கொத்து குரு, தெரியும்" என்றான் மஞ்சுநாத். குரல் இறங்கிவிட்டது. "பேங்க்கு லோன் இருக்கு எனக்கு. ஏனு மாடோது, என்ன பண்றது?"

கணேசமூர்த்திக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிபூர்ணாவில் ஒரு பிரச்சினை என்றால் ஒரு கமிட்டி. இதற்கென்று எக்ஸ்பெக்டேஷன் கமிட்டி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தப்பு நடக்கும் என்று எதிர்பார்க்கிற டெஸ்ட் ஒவ்வொன்றும் இனி அந்தக் கமிட்டியின் அனுமதி பெற வேண்டும். சுந்தரேசன் தலைவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், கேன்டீன் பொறுப்பாளர் ஒருவர். கமிட்டிக்கு மூன்று பேர் வேண்டும் என்று விதி இருந்ததால் கேன்டீன் பொறுப்பாளர். அவர் வரும்போது ஒரு தட்டு மசால் வடையும் வரும் என்பதால் அவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"பதினாலு பேர் ஏறுவாங்கன்னு எதுக்குத் தம்பி நினைக்கிறீங்க?" என்று கேட்டார் கேன்டீன்காரர். "உள்ளதான் பதிமூணுன்னு எழுதிப் போட்டிருக்கே. படிச்சவங்க ஏறமாட்டாங்க."

"பதிமூணு பேரை வெச்சு ஓட்டினா பச்சை வருதுல்ல?" என்றார் கணக்குக்காரர். "அப்ப அதையே ரெண்டு தடவை ஓட்டுங்க. இருபத்தாறு பேர் ஆச்சு."

சுந்தரேசன் கண்ணை மூடிக்கொண்டார். தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் அப்படித்தான் செய்வார்.

"கணேசமூர்த்தி, நீங்க நல்ல பையன். ஆனா உங்ககிட்ட ஒரு நெகட்டிவ் திங்கிங் இருக்கு. காலைல எழுந்தா எது உடையும், எது விழும்னே யோசிக்கறேள். தரம்னா என்ன தெரியுமோ? தப்பைக் கண்டுபிடிக்கறது தரமில்லை. அது போலீஸ் வேலை. தப்பு இல்லைன்னு காட்டறதுதான் தரம். நான் இருபத்திரண்டு வருஷமா காட்டிண்டிருக்கேன்."

"அந்த டெஸ்டையே எடுத்துரட்டுமா சார்?"

"சேச்சே. கான்ட்ராக்ட்ல அந்த டெஸ்ட் இருக்கணும்னு போட்டிருக்கு. நேர்மையா நடந்துக்கணும். டெஸ்ட் இருக்கட்டும். எர்ரர் வந்தா பாஸ். வரலைன்னாலும் பாஸ். எதையும் திறந்த மனசோட ஏத்துக்கற டெஸ்டா அதை மாத்துங்கோ."

அதாவது இரண்டாவது வரியை அழித்துவிட வேண்டும். பதினாலு பேரை ஏற்று, அதோடு சரி. கத்தினாயா என்று கேட்கிற ஆள் போய்விட்டான்.

உடனே அழித்துவிடவில்லை அவன். அதையும் சொல்ல வேண்டும். பத்து நாள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளினான். அந்தப் பத்து நாளும் வரவேற்பறையில் காலண்டர் தொங்கியது. கனகபுரா ரோட்டில் ஒரு தோட்டத்துக்கு அவனைப் பாசிட்டிவ் திங்கிங் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே பலூன் ஊதச் சொன்னார்கள். அவன் பலூன் மட்டும் வெடித்தது. வெடிக்கும் என்று எதிர்பார்த்தாயா என்று பயிற்சியாளர் கேட்டார். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றான். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாரே தவிர குடிக்கவில்லை.

"இன்னா மாப்ள, ஆர்டர் எதுனா?"

"வந்துரும் மாமா."

"போன மாசமும் அதேதான் சொன்னே. தப்பா எடுத்துக்காத. ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒருத்தரு, பையன் பேங்க்ல இருக்கான், பொண்ணு குடுங்கன்னு கேட்டு வுட்டிருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அனுஷா அம்மாக்காரி கேக்கறா இல்ல? உனக்கு ஆபீசுல ஏதாச்சும் ப்ராப்ளமா?"

கணேசமூர்த்தி பார்த்தான். உள்ளே அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினாலாவது ஆளைப் பற்றி இவர்களிடம் என்ன சொல்ல முடியும்?

"ஒரு ப்ராப்ளமும் இல்ல மாமா. எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

திங்கட்கிழமை அந்த வரியை அழித்தான். அழிக்க ஒரு நொடி ஆயிற்று. டெஸ்டை ஓட்டினான், பச்சை. மறுநாள் காலண்டரைக் கழற்றினார்கள், எல்லோரும் எழுந்து மூன்று முறை கைதட்டினார்கள். கைதட்டுகிறபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்ததுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம். வெளிநாட்டுக்காரர்கள் மகிழ்ந்து, இந்தப் புரோகிராம் ஓட்டுகிற லிஃப்ட் ஒன்றைப் பரிபூர்ணாவின் கட்டடத்திலேயே பொருத்திக் கொடுத்தார்கள். பழைய லிஃப்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பருத்தவர்களுக்கு மானம் போகும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு முறைகூட மணி அடிக்காததைச் சுந்தரேசன் ஆண்டறிக்கையில் எழுதினார். அந்தப் புராஜெக்டில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் படியேறித்தான் போனார்கள். கேட்டால் உடம்பு இளைக்க என்றார்கள். ஊழியர்களிடம் வளர்ந்துவரும் ஆரோக்கிய விழிப்புணர்வு என்று அதையும் அவர் ஆண்டறிக்கையில் சேர்த்தார்.

வாசல் காவலர் உமேஷுக்கு ஒரு ஸ்கிரீன் கொடுத்தார்கள். லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது, உள்ளே எத்தனை பேர், ஏதாவது கோளாறா என்று அதில் தெரியும். கோளாறு என்றால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைச் சொன்னால்தான் மெக்கானிக் வருவார். தொடக்கத்தில் உமேஷ், லிஃப்டில் ஏதோ முனகுகிற சத்தம் வருகிறது என்று ஒருநாள் போன் செய்துவிட்டான். சுந்தரேசனே இறங்கி வந்து அவனுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார்.

கடைசியாகத் தணிக்கை வந்தது. உலகத்தரச் சான்றிதழ் தருவதற்காகச் சென்னையிலிருந்து பெர்னதெத் என்ற அம்மையார் வரப்போகிறார் என்றதும், ஒரு மாதம் முன்னாலேயே ஒத்திகை தொடங்கிவிட்டது. தணிக்கையாளர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்பதை அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். தர அதிகாரிகள் சாப்பாட்டு வரிசையிலும் கழிவறை வாசலிலும் மறைந்து நின்று திடீரென்று கேட்பார்கள்.

"பிரச்சினையைக் கண்டால் என்ன செய்வீர்கள்?"

"உரிய வழிமுறைப்படி நடப்பேன்."

"உரிய வழிமுறை என்ன?"

"உரிய மேலதிகாரி சொல்வது."

தடுமாறினால் மறுபடி பலூன் வகுப்பு. கணேசமூர்த்தி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தூக்கத்திலும் சொல்லுவான் என்று அம்மாவே கோவிந்தப்பாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பெர்னதெத் அம்மையார் மூன்று நாள் தங்கிக் காகிதங்களைப் பார்த்தார். நிதானமான பெண்மணி, பார்த்த காகிதத்தையெல்லாம் நேராக அடுக்கிவைக்கும் பழக்கம் உள்ளவர். வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது மாடியில் சான்றிதழ் விழா. அதே மேடையில் கணேசமூர்த்தி உள்பட நான்கு பேருக்கு நிரந்தர உத்தரவு. அம்மா நர்சிங் ஹோமில் லீவு கேட்டுவிட்டு கோவிந்தப்பா வீட்டில் காத்திருந்தாள். ஆர்டர் வந்தவுடன் போன் செய்ய வேண்டும், மண்டபத்துக்கு ஆள் போக வேண்டும், அப்படிப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும் என்று சுந்தரேசன் சொல்லியிருந்தார். ஹோசூர் ரோட்டு நெரிசலில் அம்மையாரின் கார் மாட்டிக்கொண்டு வந்து சேரும்போது பத்தேகால். மஞ்சுநாத் முதலான மற்றவர்கள் படியேறிப் போய் மேலே உட்கார்ந்தாயிற்று. கீழே வரவேற்பு கோஷ்டி லிஃப்டுக்குள் பாய்ந்தது. அம்மையார், சுந்தரேசன், தரத்துறை முழுவதும், போட்டோக்காரர், ஆரத்தித் தட்டோடு ஒருவர், குத்துவிளக்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர். இரண்டு தடவையாகப் போக நேரமில்லை.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் இடம் பண்ணச் சொல்லி, ஒருவரையொருவர் உள்ளே தள்ளிக்கொண்டார்கள்.

ஆரத்திக்குக் கற்பூரம் கொண்டுவந்து கொடுக்கக் கீழே நின்ற கணேசமூர்த்தி, பழக்கத்தில் தலைகளை எண்ணினான். பதிமூன்று.

"கணேசமூர்த்தி, வாங்கோ, ஏறுங்கோ" என்றார் சுந்தரேசன். "உங்க ஆர்டர் என் ஃபைல்லதான் இருக்கு. நீங்க இல்லாம நான் யார்கிட்ட கொடுக்கறது?"

"நான் படியில வந்துர்றேன் சார்."

"பத்து இருபத்தி மூணு ஆச்சு. நீங்க அஞ்சு மாடி ஏறி வர்றதுக்குள்ள ராகுகாலம் வந்துடும். ராகுகாலத்துல நான் ஆர்டர் கொடுக்க மாட்டேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அம்மையார் உள்ளே இருந்த தகட்டைப் படித்தார். "இதுல பதிமூணு பேர்தானே போட்டிருக்கு?"

"மணி அடிக்கலையே மேடம்" என்றார் சுந்தரேசன் பெருமையாக. பிறகு கணேசமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார். "இதை டெஸ்ட் பண்ணதே இந்தப் பையன்தான். என்னப்பா, உங்க டெஸ்ட் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் அவன் கத்தியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது என்பது உண்மை. கோவிந்தப்பா வீட்டில் அம்மா போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே கால் வைத்தான்.

மணி அடிக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு மேலிருந்த சின்னப் பலகையில் பச்சை எழுத்தில் ஆட்கள் பூஜ்யம் என்று வந்தது.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு முக்கு முக்கியது. பிறகு ஒரு முழம் கீழே சரிந்தது. சரிந்த இடத்தில் ஏதோ ஒரு இரும்புக் கொக்கி நறுக்கென்று பிடித்து நிறுத்தியது. அந்தக் கொக்கி பரிபூர்ணா எழுதியதில்லை, அதனால் வேலை செய்தது. ஆள் இல்லாத லிஃப்டில் கரண்ட் வீணாகக் கூடாதே என்று விளக்கும் காற்றாடியும் தானாக நின்றன.

"நின்னுடுத்தா?" என்றது இருட்டில் ஒரு குரல்.

"இல்லையே" என்றார் சுந்தரேசன். "போர்டைப் பாருங்கோ. எர்ரர் ஒண்ணும் வரலை."

அபாய மணியை அழுத்தினார்கள். அது அடிக்கவில்லை. காலி லிஃப்டில் மணியை யார் அழுத்தப்போகிறார்கள், அழுத்தினாலும் சட்டை செய்யாதே என்று இன்னொரு டெவலப்பர் எழுதி வைத்திருந்தான். அதுவும் தினமும் பச்சைதான். செல்போன்களில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கதவைத் தட்டினார்கள். தட்டத் தட்டக் கீழேயிருந்து பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது.

"யாரு சார் உள்ள?" உமேஷின் குரல்.

"நான்தான், சுந்தரேசன். மெக்கானிக்கைக் கூப்பிடு."

"சார், ஸ்கிரீன்ல காலின்னு இருக்கு சார். கிரீனா இருக்கு."

"என் குரல் உனக்குக் கேக்கறதா இல்லையா?"

"கேக்குது சார். ஆனா அன்னிக்கி நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க. காதை நம்பாத, ஸ்கிரீனை நம்புன்னு. எர்ரர் நம்பர் இல்லாம போன் பண்ணா வேலை போயிடும்னு கையெழுத்து வாங்கினீங்களே சார்." அவன் குரலில் பயம் இருந்தது, கிண்டல் துளியும் இல்லை. "ஒரு நம்பர் சொல்லுங்க சார், இப்பவே கூப்பிட்றேன்."

உள்ளே யாரிடமும் நம்பர் இல்லை. சரி, கம்ப்ளெய்ன்ட் எழுதி மேலே கொடுக்கிறேன் என்று உமேஷ் ஏறிப் போனான்.

இருட்டும் வியர்வையுமாக நின்றபோது, பெர்னதெத் அம்மையார்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "டெஸ்ட் பண்ண தம்பி எங்க இருக்கீங்க?"

"இங்க மேடம்." அவர் தோள் அவன் முதுகில் அழுந்திக்கொண்டிருந்தது.

"பதினாலு பேர் ஏறினா என்ன ஆகணும்?"

"எர்ரர் வரணும் மேடம்."

"நீங்க டெஸ்ட் பண்ணப்போ வந்துச்சா?"

சுந்தரேசனின் ஃபைல் கணேசமூர்த்தியின் விலா எலும்பில் குத்தியது. அது தற்செயலா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"டெஸ்ட் பாஸ் ஆச்சு மேடம்" என்றான் அவன்.

"அப்ப சரி" என்றார் அம்மையார், மனத்துக்குள் அந்தக் காகிதத்தையும் நேராக அடுக்கிவைத்தது போல.

"பத்து இருபத்தொம்போது" என்றார் சுந்தரேசன் திடீரென்று. "எங்க நடந்தா என்ன, நல்ல நேரத்துல நடக்கணும்." போட்டோக்காரரின் ஃபிளாஷ் ஒரு முறை மின்னியது. அந்த வெளிச்சத்தில் அம்மையாரிடமிருந்து சான்றிதழ் சுந்தரேசனுக்கு மாறியது, சுந்தரேசனிடமிருந்து ஒரு காகிதம் கணேசமூர்த்தியின் கைக்கு வந்தது. செல்போன் வெளிச்சத்தில் படித்தான். இன்று முதல் தாங்கள் நிரந்தரம் என்று போட்டிருந்தது. எத்தனை நாள் கனவு. யாருக்கும் சொல்ல முடியவில்லை.

வெகுநேரம் கழித்து மறுபடி பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது.

"சார், உங்க கம்ப்ளெய்ன்டைப் பாத்துட்டாங்க சார்" என்றான் உமேஷ் கதவுக்கு வெளியே. "மஞ்சுநாத் சாருக்கு அனுப்பினாங்க. எர்ரர் ஒண்ணும் ரெகார்ட் ஆவலை, அதனால ரூல்படி பழைய டெஸ்டை மறுபடி ஓட்டிப் பாக்கணுமாம். பதினாலு பேர் டெஸ்ட், கணேசமூர்த்தி சார் எழுதினது. ஓட்டினாரு. அவர் முகமே சரியில்ல சார், ஆனா ஓட்டினாரு."

"என்ன வந்தது?" என்றார் சுந்தரேசன்.

"பாஸ் சார். லிஃப்ட்ல ப்ராப்ளம் இல்லைன்னு கம்ப்ளெய்ன்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க."

பாஸ் என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு இருட்டில் யாரோ, பல வருஷப் பழக்கம், கைதட்டத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நெரிசலில் கணேசமூர்த்திக்குக் கையைத் தூக்கவே இடமில்லை. கஷ்டப்பட்டுக் கையை மேலே கொண்டுவந்து, நிரந்தர உத்தரவைக் கசங்காமல் வாயில் கவ்விக்கொண்டு, அவனும் மூன்று முறை தட்டினான்.